குடியால் கல்லீரல் கெட்ட அண்ணனைப் பார்த்துக்கொண்டபோது தெரிந்துகொண்டவை

என் அண்ணனுக்கு லிவர் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். காரணம் குடி. அவரைப் பார்த்துக்கொண்ட வருடங்களில் "இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா" என்று நான் புலம்பாத கட்டமே இல்லை. டாக்டர்கள் சொல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் நடந்து முடிந்த பிறகு, வார்டு வாசலில் நின்றபடி, அடுத்த நோயாளியிடம் போகிற அவசரத்தில் சொன்னார்கள். பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதி பயத்தில் மறந்துபோனது. அப்போது தேவைப்பட்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இதில் வரும் மருந்துப் பெயர்களை வைத்து யாரும் சொந்தமாக வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். எப்போது பயப்பட வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

குடிநோயாளி என்றதும் நம் மனதில் வரும் உருவம் அண்ணனுக்குப் பொருந்தாது. தள்ளாடி விழுந்ததில்லை, வீட்டில் சத்தம் போட்டதில்லை, வேலைக்கு மட்டம் போட்டதில்லை. ராத்திரி தன் அறையில் உட்கார்ந்து குடிப்பார், சாப்பிட்டும் சாப்பிடாமலும் படுப்பார், காலையில் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. "அவன் அளவாத்தான் குடிக்கிறான்" என்று சொந்தக்காரர்கள் பாராட்டாகவே சொல்வார்கள். ஆனால் ஆள் எவ்வளவு நிதானமாக இருக்கிறார் என்பதைக் கல்லீரல் கணக்கில் வைப்பதில்லை. உள்ளே போகிற கிராம்தான் அதற்குக் கணக்கு. 60 மில்லி விஸ்கியில் சுத்தமான ஆல்கஹால் ஏறத்தாழ 19 கிராம். 5 சதவீதம் என்று போட்டிருக்கும் 330 மில்லி பீரில் 13 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு எரிப்பது சுமார் 7 முதல் 10 கிராம். நீங்களே கூட்டிப் பாருங்கள். மூன்று ரவுண்டு போட்டுவிட்டு நடு இரவில் படுப்பவருக்குக் காலையில் எழும்போதும் அந்த வேலை முடியாமல் இருக்கலாம். குடித்துக் குடித்துப் பழகியவருக்குப் போதை தெரியாது. "எனக்கு ஏறவே மாட்டேங்குது" என்று பெருமையாகச் சொல்பவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

முதல் அடையாளம் வயிற்றில் வரவில்லை, காலில் வந்தது. ராத்திரியில் உள்ளங்கால் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொள்வார். பிறகு எரிச்சல் போய் மரத்துப்போனது. ஒருநாள் வெளியே போய்விட்டு வந்தவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். இன்னொன்று வழியில் எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரையாக இருக்கும் என்று ரத்தம் பார்த்தோம், சர்க்கரை இல்லை. ஏதோ வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். வருடக்கணக்கில் குடித்தால் நரம்புகள் நேரடியாகவும் பாதிக்கப்படும், பி வைட்டமின் குறைபாட்டாலும் பாதிக்கப்படும் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதே ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு விஷயங்கள் கண்ணுக்கு எதிரே இருந்திருக்கின்றன. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தன, "வைரல் காய்ச்சல் வந்திருக்கும்" என்றார்கள். எம்.சி.வி. என்ற எண் 100-ஐத் தாண்டியிருந்தது, அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெருத்திருக்கின்றன என்று அதற்குப் பொருள். நீண்ட நாள் குடிப்பவர்களின் ரத்தத்தில் இது அடிக்கடி தெரியும். கல்லீரல் இறுகி, ரத்தம் அதன் வழியே போக முடியாமல் பின்வாங்கும்போது மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் அந்த எண்ணிக்கை குறைகிறது. ஷேவிங்கில் பட்ட கீறல் நிற்காமல் கசிந்ததும், பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததும், உள்ளங்கை எப்போதும் மருதாணி வைத்த மாதிரி சிவந்திருந்ததும் இதே கதையின் துண்டுகள்தான்.

எல்லாத் துண்டும் கையில் இருந்தும் ஏன் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை? ஒவ்வொரு டாக்டரும் "குடிப்பீங்களா?" என்று கேட்டார்கள். அண்ணன் ஒவ்வொருவரிடமும் "எப்பவாவது சார், விசேஷத்துல" என்றார். அந்த ஒரு பதிலில் எல்லாம் திசை மாறிப்போனது. கால் எரிச்சல் ஒரு டாக்டரிடம், ரத்த அழுத்தம் இன்னொருவரிடம், தூக்கமின்மை மூன்றாமவரிடம் என்று தனித்தனி ஃபைலாக அலைந்தோம். அலைந்த செலவைக்கூட விடுங்கள், போன காலம்தான் பெரிய இழப்பு. கல்லீரலில் கொழுப்பு படியும் முதல் கட்டத்தில் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே அது பெரும்பாலும் சரியாகத் தொடங்கிவிடும். எங்களுக்கு அந்தக் கட்டம் முழுக்கக் கால் எரிச்சலுக்கு மாத்திரை வாங்குவதில் கழிந்தது.

அதனால் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதுதான். குடிப்பவரோடு டாக்டரிடம் போனால் உண்மையான அளவு டாக்டர் காதில் விழ வேண்டும். அவர் முன்னால் சொல்லச் சங்கடமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நர்சிடம் கொடுங்கள். "தினமும், இவ்வளவு மில்லி, இத்தனை வருடமாக. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது" என்ற நான்கு வரி போதும். கூடவே ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். கல்லீரல் இறுகிப்போன பிறகும் என்சைம் எண்கள் கிட்டத்தட்ட சாதாரணமாகவே காட்டலாம். அண்ணனுக்கு அப்படித்தான் இருந்தது. "கொஞ்சம்தான் கூட" என்று நிம்மதியாக வீடு திரும்பினோம். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரண்டு கல்லீரல் என்சைம்களில் ஏ.எஸ்.டி. எண் ஏ.எல்.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது, குடியைக் காட்டிக்கொடுக்கும் முக்கியமான தடயம் அது என்று பிறகு ஒரு டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். கல்லீரல் தயாரிக்கும் அல்புமின் என்ற புரதத்தின் அளவும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆரும் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சொல்லும். ஃபைப்ரோஸ்கேன் என்ற ஸ்கேன் அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைச் சொல்லும். அதில் ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. கல்லீரலுக்குள் வலி உணரும் நரம்பு இல்லை, மேலே போர்த்தியிருக்கும் உறைக்கு மட்டும்தான் உண்டு. வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்து நடந்ததை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. மாலையானால் கணுக்கால் வீங்குகிறது, கண் லேசாக மஞ்சளடிக்கிறது என்றதும் அண்ணனே பயந்துபோய், "பாப்பா, இன்னிக்கோட விட்டுட்டேன்" என்று இருந்த பாட்டிலைக் கழிவறையில் கொட்டினார். எனக்குக் கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது. முதல் நாள் வேர்வையும் நடுக்கமும். இரண்டாம் நாள் தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஒரு போர்வையைக் கவனமாக மடித்துக்கொண்டிருந்தார். சுவரில் பூச்சி ஊர்கிறது, தட்டிவிடு என்றார். என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டார். எங்கள் அம்மா இறந்து பல வருடம். விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பெயர் டெலிரியம் ட்ரெமென்ஸ். தினமும் நிறையக் குடித்துவந்தவர் சட்டென்று நிறுத்தினால் மூளை கட்டவிழ்ந்து ஓடுகிறது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இந்தப் பிதற்றலும் மாயக்காட்சியும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். நிறுத்தினால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தலையில் இடி. தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். தினமும் குடிப்பவரை, அதுவும் காலையில் கை நடுங்கி, குடித்தால் நடுக்கம் நிற்கிறவரை, வீட்டில் அறையில் பூட்டி வைத்து நிறுத்தச் சொல்லக் கூடாது. மருத்துவமனையில், மருந்து கொடுத்து, கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அவசரப் பிரிவில் நுழைந்ததுமே "குடியை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது" என்று சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் மனநோய் என்றோ மூளைக்காய்ச்சல் என்றோ தேட ஆரம்பித்தால் பொன்னான நேரம் போய்விடும்.

அதே இடத்தில் இன்னொன்றும் உண்டு. தயமின் என்கிற பி1 வைட்டமின். வருடக்கணக்கில் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவர் உடம்பில் அது வறண்டு கிடக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பைக் கிளப்பிவிடக்கூடும். குழப்பம், தள்ளாட்டம், கருவிழி தன்னால் ஆடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். இவை மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஊசியாகத் தயமினை உடனே கொடுத்தால் பெருமளவு காப்பாற்றிவிடலாம். தாமதமானால் கோர்சகாஃப் என்ற நிரந்தர மறதியில் போய் நிற்கும். "தயமின் போட்டாச்சா சிஸ்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. அண்ணனுக்குப் போட்டார்கள், ஆனால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்றே நினைக்கிறேன். அதன் பிறகு ஒருநாள் டாக்டரிடம், காலையில் அலுவலகத்தில் நடந்த மீட்டிங்கைப் பற்றி ஆள் பெயரெல்லாம் சொல்லி விவரித்தார். அன்று காலை முழுக்க வார்டில் என் பக்கத்தில்தான் படுத்திருந்தார். முதலில் பொய் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானே ஒரு கதையால் அடைக்கிறது, அவர் அதை உண்மை என்றே நம்புகிறார் என்று டாக்டர் விளக்கினார். அன்றோடு அவரிடம் "பொய் சொல்லாதே" என்று சண்டை போடுவதை விட்டேன்.

ஸ்கேனில் சிரோசிஸ் என்று வந்தது. வயிற்றில் நீர். இங்கே பலரும் ஏமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. எடை குறையவில்லையே, உடம்பு தேறுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதே வாரம் பேண்ட் இடுப்பில் ஏறவில்லை, கைக்கடிகாரமோ முழங்கை வரை வழுக்கிப் போனது. சதை கரைந்து அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டிருந்தது. எடை இயந்திரம் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். தினமும் காலையில் கழிவறை போய் வந்ததும் எடை பாருங்கள், கூடவே கையின் மேல்பகுதியையும் வயிற்றையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் எடை சட்டென்று ஏறினால் அது நீர்தான்.

நீருக்கு உப்புதான் எதிரி. ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு. பாக்கெட்டில் வரும் தீனியிலும் சாஸிலும் ஒளிந்திருக்கும் உப்பும் அதற்குள்தான். ஆனால் புரதத்தைக் குறைக்கக் கூடாது. கல்லீரல் நோய்க்குப் புரதம் ஆகாது என்பது பழைய பேச்சு. அதைக் கேட்டு முட்டையையும் பருப்பையும் சில மாதம் நிறுத்தி வைத்திருந்தோம், சதை இன்னும் வேகமாகக் கரைந்தது. இப்போது கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். ராத்திரி படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வைப்பதும் முக்கியம். கெட்டுப்போன கல்லீரலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே எரிக்கும்.

நீர் மாத்திரைக்கு அடங்காதபோது ஊசி போட்டு வடித்தார்கள். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் அல்புமின் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் சிறுநீரகம் அடிவாங்கும். எங்கள் சேமிப்பைத் தின்றது அறுவை சிகிச்சை எதுவும் இல்லை, இந்த அல்புமின் பாட்டில்கள்தான். காப்பீடு இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். மதுவால் வந்த நோய்க்கு விலக்கு என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்தது, கோரிக்கை திரும்பி வந்துவிட்டது. இப்படி விலக்கு வைத்திருக்கும் திட்டங்கள் நிறைய உண்டு. உங்கள் காகிதத்தை நோய் வருவதற்கு முன்பே எடுத்துப் படியுங்கள். அதற்காக டாக்டரிடம் குடியை மறைக்கலாமா என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. பணம் போனால் கடன் வாங்கலாம்.

ரத்த வாந்தியைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. கல்லீரல் வழியே போக முடியாத ரத்தம் உணவுக்குழாயின் அடியில் உள்ள சிறு நாளங்களில் ஏறி அவற்றைப் புடைக்க வைக்கிறது, ஒருநாள் அது வெடிக்கிறது. வாந்திக்கு முந்தைய இரண்டு நாளும் மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, ஒரு தனி நாற்றத்தோடு போயிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையால்தான் என்று நினைத்து அண்ணன் அதை எங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டார். சிரோசிஸ் உள்ளவருக்கு மலம் தார் நிறத்தில் போனால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே கிளம்புங்கள். எண்டோஸ்கோபி மூலம் அந்த நாளங்களுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். சிரோசிஸ் என்று தெரிந்ததுமே வெடிப்பதற்கு முன் எண்டோஸ்கோபி தேவையா என்று கேட்டுவிடுங்கள். முட்டிவலிக்கு, தலைவலிக்கு என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ரத்தக்கசிவுக்கும் சிறுநீரகத்துக்கும் அது ஆகவே ஆகாது. எங்கள் டாக்டர் பாராசிட்டமால் மட்டும், அதுவும் நாளைக்கு 2 கிராமுக்குள் என்று வரம்பு வைத்தார்.

என்னை உண்மையில் உடைத்தது அதற்குப் பின்னால் வந்த குழப்பம். பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் விழித்திருந்தார். சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியிலிருந்து காசோலை திரும்பியது. எடுத்துப் பார்த்தால் பெயரின் கடைசி எழுத்துகள் கோட்டை விட்டுச் சரிந்து கீழே இறங்கியிருந்தன. குடலில் உண்டாகும் அம்மோனியா போன்ற நச்சுகளைக் கல்லீரல் வடிகட்டாமல் விடும்போது அவை மூளையை மந்தமாக்குகின்றன. வீட்டில் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு கையையும் நீட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதுபோல் மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லுங்கள். கை பறவை இறக்கை மாதிரி படபடத்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். தினமும் ஒரு நோட்டில் தேதியும் கையெழுத்தும் போடச் சொன்னேன், அது எனக்கு எந்த ரிப்போர்ட்டையும்விட முன்னாலேயே சேதி சொன்னது.

இதற்கு மருந்து லாக்டுலோஸ் சிரப். நாளைக்கு இரண்டு மூன்று முறை இளகலாகப் போக வேண்டும், அதுதான் குறி. பேதியாகிறதே என்று பரிதாபப்பட்டு நிறுத்தினால் மறுநாளே குழப்பம் திரும்பும். அதற்காக ஏழெட்டு முறை போக விட்டாலும் உடம்பில் நீர் வற்றி அதே குழப்பம் வரும். மலச்சிக்கல், காய்ச்சல், ரத்தக்கசிவு, தூக்க மாத்திரை எல்லாமே இதைத் தூண்டும். ராத்திரி தூங்கவில்லை என்று யார் தூக்க மாத்திரை எழுதினாலும் "சிரோசிஸ் இருக்கு" என்று சொல்லுங்கள். காய்ச்சலோடு வயிற்று வலியும் சேர்ந்தால் வயிற்று நீரில் கிருமி தொற்றியிருக்கலாம், அதுவும் அவசரம்தான். வங்கிக் கணக்கு, சொத்து, வாரிசு நியமனம் போன்ற காகித வேலைகளை அவர் தெளிவாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நாங்கள் தாமதித்ததால் அவருடைய பணம் வங்கியிலேயே கிடக்க, மருந்துக்கு நான் கடன் வாங்கினேன்.

அந்தக் காலத்தில் எனக்கு அவர்மேல் பாசம் இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. நடு இரவில் படுக்கையைக் கழுவி மாற்றும்போது வெறுப்பு வந்தது. "இவர் போய்விட்டால்" என்ற நினைப்பும் வந்தது. விடிந்ததும் அந்த நினைப்புக்காகவே கூனிக் குறுகினேன். இதே நிலையில் இருந்த வேறு பெண்களிடம் பேசிய பிறகுதான் எல்லோருக்கும் அது வந்துபோகிறது என்று தெரிந்தது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற குழு பல நாடுகளில் இயங்குகிறது. குடிப்பவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் நாம் போகலாம், கட்டணம் கிடையாது.

உறவினர் ஒருவர் ஒரு பொடியைக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்துவிடு, குடியை வெறுத்துவிடுவான் என்றார். ஒரு கணிசமான தொகைக்கு வாங்கியிருந்தார், அதை என்னிடமே வசூலும் செய்துகொண்டார். கல்லீரல் டாக்டரிடம் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. இப்படி ரகசியமாகக் கொடுக்கப்படுவதில் பலநேரம் டைசல்ஃபிரம் இருக்கும். அதைச் சாப்பிட்டவர் தெரியாமல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். கெட்ட கல்லீரலை அந்த மருந்து மேலும் கெடுக்கவும் செய்யும். குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க வேறு மருந்துகள் உண்டு. சிரோசிஸ் உள்ளவருக்கு எது பொருந்தும் என்பதை மனநல மருத்துவரும் கல்லீரல் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். அண்ணனுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த மருந்தும் வாரந்தோறும் நடந்த கவுன்சலிங்கும் சேர்ந்துதான் வேலை செய்தன. நடுவில் ஒருமுறை சறுக்கினார். மருத்துவமனையில் யாரும் திட்டவில்லை, மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. கல்லீரலைச் சுத்தம் செய்யும் மூலிகை டானிக் என்று வருவதையும் நாங்கள் தொடுவதில்லை. இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் இவற்றில் ஆல்கஹால் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை பேச்சு போனது. என் கல்லீரலில் ஒரு பகுதியை நான் கொடுக்கிறேன் என்று பரிசோதனைக்குப் போனேன். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாத என் கல்லீரலிலும் கொழுப்பு இருக்கிறது, கொடுக்க முடியாது என்றார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அதற்குள் அண்ணன் குடியை விட்டு மாதங்கள் ஓடியிருந்தன. மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் இறங்கியது, நீர் சேர்வது நின்றது, இப்போதைக்கு மாற்று தேவையில்லை என்றார்கள். இவ்வளவு கெட்ட பிறகு விட்டு என்ன பயன் என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். தழும்பு முழுதாகப் போகாது, ஆனால் மிச்சமிருக்கும் கல்லீரல் மூச்சு விடுகிறது.

எல்லாம் திரும்பிவிடவில்லை. கால் மரத்தது மரத்ததுதான், மாடிப்படியில் கைப்பிடி இல்லாமல் இறங்க முடியாது. நேற்றுப் பேசியது பாதி நினைவில் இல்லை. ரத்த அழுத்தம் இருக்கிறது, இதயத் துடிப்பும் அவ்வப்போது தாளம் தப்புகிறது. குடி இதயத் தசையையும் கணையத்தையும் எலும்பையும் விடுவதில்லை. புற்றுநோய் பயமும் கூடவே இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று அந்த வரிசை நீளும். புகையிலைக்குத் தெரிந்த அளவு இது ஏன் ஊருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம். சிரோசிஸ் இருந்தால் குடியை விட்டபிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் எடுக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அதைத் தள்ளிப் போடத்தான் தோன்றும்.

கடைசியாக ஒன்று, உதவி பற்றி. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "ஒண்ணும் வேண்டாம், பார்த்துக்கிறேன்" என்றேன். குடித்துக் கெட்டவனுக்கு எந்த முகத்தோடு உதவி கேட்பது என்ற வெட்கம்தான். விளைவு, என் வேலை போனது, இடுப்பு போனது. சம்பளம் இல்லாத விடுப்பு நீண்டு, ஒரு கட்டத்தில் அவர்களே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகுதான் பொத்தாம் பொதுவாக இல்லாமல் வேலையைப் பிரித்துக் கேட்கக் கற்றேன். "சனிக்கிழமை ராத்திரி மட்டும் நீ படுத்துக்கோ, நான் தூங்கணும்" என்று சித்தப்பா மகனிடம் சொன்னேன். உடனே சரி என்றான். அந்த ஒரு ராத்திரித் தூக்கம் வாரம் முழுவதும் தாங்கியது. இப்போது ஆறு மாத ஸ்கேனுக்கு அண்ணனை அழைத்துப் போவதும் அவன்தான். ஃபைலை மட்டும் முந்தின நாளே நான் அடுக்கி வைத்துவிடுகிறேன்.